தானே நிற்கும் கணினி

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, விடுதி வாழ்க்கையையோ மைதானத்து வெற்றிகளையோ பற்றி எழுதுவேனென எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை என்னிலும் நயம்பட எழுதவல்ல பழைய மாணவர் பலர் உளர். ஓய்வுபெற்றபின் என்னை நாடி வருவோருட் பெரும்பாலோர் ஒரே முறைப்பாட்டோடுதான் படலையைத் திறக்கின்றனர்: “சேர், கொம்பியூட்டர் தானாக நிற்குது, பிறகு தானாகவே எழும்புது.” ஆதலின் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன். எமது ஆய்கூடத்தில் நாம் கற்ற வெப்பவியலுக்கும் இதற்கும் உறவு நெருங்கியது என்பது மற்றொரு காரணம்.

இவ்வாறு வருவோரிடம் நான் முதலிற் கேட்பது, “எப்போது நிற்கிறது?” என்பதே. என்ன கணினி, எத்தனை வருடப் பழையது என்பனவெல்லாம் பின்னர். தொடக்கிய சில நிமிடங்களிலா? கடும் வேலை கொடுத்துக் கால்மணி நேரம் சென்றபின்னா? கிணற்று மோட்டர் போட்ட கணத்திலா? அன்றி, ஓர் ஒழுங்குமின்றியா? நிற்கும் வேளையே நோயின் பெயரைப் பெரும்பாலும் சொல்லிவிடும். இதனைக் கேளாமற் பாகங்களை மாற்றத் தொடங்குபவர், நாடி பிடியாமல் மருந்தரைக்கும் வைத்தியரை ஒப்பர்; நோயாளி பிழைத்தாலும் அது அவர் திறமையன்று.

புரோசசர் என நாம் வழங்கும் முறைவழியாக்கி, பெருவிரல் நகமளவான சிலிக்கன் துண்டொன்றிலே 65 வாற்று வலுவையும் அதற்கு மேலும் செலவிடுவது. ஈயம் பற்றவைக்கும் கோல் 25 அல்லது 40 வாற்றிலேயே ஈயத்தை உருக்குகின்றது என்பதை நினைந்தால் இதன் உக்கிரம் விளங்கும். இவ்வெப்பம் உலோக மூடிக்கும், அதன்மேற் பூசிய களிம்புக்கும், அலுமினியத் தகடுகளுக்கும் கடத்தலினாற் செல்கின்றது. தகடுகளிலிருந்து விசிறி தள்ளுங் காற்றோடு மேற்காவுகையினால் வெளியேறுகின்றது. கதிர்வீசலின் பங்கு இங்கே அற்பம். இத்தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெப்பநிலை ஏறும். ஏறத்தாழ 100 பாகை செல்சியசை அணுகும்போது முறைவழியாக்கி தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதன்பின்னும் ஏறினால் மின்னையே துண்டித்துவிடும்.

இக்காவல் எக்காலத்தும் இருந்ததன்று. 2001 ஆம் ஆண்டிலே பரிசோதனையாளர் சிலர், ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் குளிர்த்தகடுகளைக் கழற்றி நிகழ்வதைப் படம்பிடித்துக் காட்டினர். பென்ரியம் 4 வேகங்குன்றி ஓடிக்கொண்டேயிருந்தது. பென்ரியம் 3 உறைந்து நின்றது, ஆயினும் பிழைத்தது. அத்தலன் புகைந்து கருகிற்று. தானே நிற்குங் கணினியைக் கண்டு சினங் கொள்வோருக்கு இக்கதையை நான் தவறாமற் சொல்வதுண்டு. நிற்கத் தெரியாதிருந்தால் அது எரிந்திருக்கும்.

நம் நாட்டுச் சூழலோ அதற்கு உகந்ததன்று. அறையின் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் உள்ளே முறைவழியாக்கியும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். சித்திரை வெயிலில் அறையே 33 பாகையில் நிற்க, எம்மவர் கணினியை மேசையின் கீழுள்ள கதவு வைத்த அறைக்குள் தள்ளிக் கதவையுஞ் சாத்திவிடுகின்றனர். வெளியே தள்ளிய சூடான காற்றையே விசிறி மீண்டும் உள்ளிழுக்கின்றது. அதன்மேற் பூவேலை செய்த துணியுறை வேறு! தூசி படியாதிருத்தற்கென வீட்டுப் பெண்கள் அன்போடு தைத்த அவ்வுறையை, கணினி ஓடும்போதாவது கழற்றுங்களெனச் சொல்ல நான் பட்ட பாடு சிறிதன்று. வலிகாமத்துச் செம்மண் தூசி தகடுகளின் இடையே கம்பளம்போற் படிந்துவிடும். அதனை அகற்றுமுன் மின்னிணைப்பை முற்றாகக் கழற்றுக. மென்தூரிகையினாலும் காற்றினாலும் அகற்றுக, ஈரத்துணி ஆகாது. காற்றடிக்கும்போது விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். இன்றேல் அது அளவுமீறிச் சுழன்று பழுதாகும்.

தூசியே இல்லாத கணினியும் சூடேறும் என்பதற்கு 2023 ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்றைச் சொல்லலாம். என் வகுப்புத் தோழர் ஒருவரின் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. அவருடைய ஆய்வறிக்கை முழுவதும் ஒரு பழைய கணினியில் இருந்தது. ஒரு கடையிற் காட்டியபோது, தாய்ப்பலகை போய்விட்டது, அவ்வகைப் பலகை இப்பொழுது கிடையாது, எனவே முறைவழியாக்கியையும் நினைவகத்தையும் கூடவே மாற்றவேண்டுமென்றனராம். பொருளாதார நெருக்கடியின்பின் இறக்குமதிப் பொருள்களின் விலையை யான் சொல்லவேண்டியதில்லை. தோழர் மனைவியின் சங்கிலியை அடைவு வைக்க ஆயத்தமாயிருந்தார். “மாமா, இன்னும் ஒன்பது நாள்தான் இருக்குது” என்று அப்பிள்ளை சொன்னபோது குரல் தழுதழுத்தது.

எப்போது நிற்கிறதெனக் கேட்டேன். குளிர்ந்திருக்கும்போது தொடக்கினால் ஐந்தாறு நிமிடம் ஓடுமாம். நின்றவுடனே மீண்டும் தொடக்கினால் ஒரு நிமிடமும் தாங்காதாம். அரைமணி நேரம் ஆறவிட்டால் திரும்பவும் ஐந்தாறு நிமிடமாம். வெப்பத்தின் கையெழுத்து இதனிலும் தெளிவாக இருத்தல் அரிது. விண்டோஸ் எழுமுன்பே பயோஸ் திரைக்குட் சென்று, வெப்பநிலை காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் பார்த்திருந்தோம். 71, 78, 86, 94 என ஏறி, திரை இருண்டது. விண்டோஸ் ஏற்றப்படவேயில்லை, ஆதலின் வைரசு என்றும் மென்பொருள் என்றும் எழுந்த ஐயங்கள் அவ்விடத்திலேயே தீர்ந்தன.

பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே தூசியே இல்லை. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் யாரோ துப்புரவு செய்து கொடுத்தனராம். விசிறியும் நன்கு சுழன்றது. மின்னைக் கழற்றிவிட்டுக் குளிர்த்தகட்டை விரலால் மெல்ல அசைத்தேன். ஒரு பக்கம் ஆடியது. அதனைத் தாங்கும் நான்கு பிளாத்திக்குக் கால்களில் ஒன்று பலகையிற் பூட்டாமல் மேலெழுந்து நின்றது. கழற்றிப் பார்க்கையிற் களிம்பு காய்ந்து வெடித்திருந்தது. தகடு ஓர் ஓரத்தில் மட்டுமே தொட்டிருந்தது. ஐசோபுரோப்பைல் அற்ககோலினாற் பழைய களிம்பைத் துடைத்துப் பட்டாணியளவு புதுக்களிம்பு வைத்து, எதிரெதிர்க் கால்களாக அழுத்தினேன். நான்கும் ‘டிக்’ எனப் பூட்டின. அதே பயோஸ் பக்கத்தில் வெப்பநிலை 44 இல் நிலைத்து நின்றது. அரைமணி கழிந்தும் அசையவில்லை. செலவு ஒரு சிறுகுழாய்க் களிம்பு. அறிக்கை உரிய நாளுக்கு ஒரு நாள் முந்தியே ஒப்படைக்கப்பட்டது. சங்கிலி வீட்டிலேயே இருந்தது. முதல் வேலையாக அறிக்கையை வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னதையும் இங்கே குறிப்பிடல் தகும்.

வெப்பமன்றி வேறு காரணங்களும் உள. முன்னறிவித்தலின்றி, வேலை கூடிய கணத்திலேயே சட்டென்று நின்று எழுமாயின் மின்வழங்கியை ஐயுறுக. குளிர்சாதனப் பெட்டியோ மோட்டரோ தொடங்கும்போது நிற்குமாயின், யூ.பி.எஸ். பற்றரியைப் பார்க்க. ஈய அமிலப் பற்றரிக்கு ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே. 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகள் பல வீடுகளில் அந்த ஆயுளையுங் குறைத்தன. யூ.பி.எஸ். இன்றி நேரே சுவரிற் பொருத்திப் பார்த்தாற் பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் மின்வழங்கியின் பெட்டியை மாணவர் எவரும் திறத்தலாகாது. 230 வோல்ற்று ஆடலோட்டம் நேராக்கப்பட்டு உள்ளே 325 வோல்ற்றளவிற் கொள்ளளவிகளிற் சேர்ந்து நிற்கும். மின்னைக் கழற்றிய பின்னும் அது சிலபொழுது தங்கியிருக்கும்.

ஒழுங்கின்றி, நீலத்திரை காட்டி நிற்பது பெரும்பாலும் நினைவகத்தின் குறையோ, சாதனங்களை இயக்கும் மென்பொருளின் குறையோ ஆகும். விண்டோஸ் தவறு நேர்ந்தவுடன் தானாக மறுபடி தொடங்குவதால் நீலத்திரையை வாசிக்கவே நேரமிராது. அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டால் திரை நிலைத்து நிற்கும். நிகழ்வுப் பதிவேட்டிலே 41 என்னும் இலக்கத்தைக் கண்டு நோயைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சிலர் மகிழ்வர். ஒழுங்காக மூடப்படாமற் கணினி நின்றது என்பதற்குமேல் அவ்விலக்கம் எதனையுஞ் சொல்லாது. நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, பரிசோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிடுதலே நேர்வழி.

இத்தனையும் பார்த்தபின் தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகளை ஒரு விளக்கின் ஒளியில் உற்று நோக்குக. அவற்றின் தலை தட்டையாக இருத்தல் வேண்டும். வீங்கியோ, கபிலநிறக் கசிவோடோ இருந்தால் அப்பலகை உண்மையிலேயே முதுமையடைந்துவிட்டது. புதிது வாங்குவது பற்றி அதன்பின் வீட்டிற் பேசலாம்.