கிணற்றுநீர் குடிக்கும் இயந்திரம்

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் வெளியூர் நண்பர்கள் முல்லைப் பெரியாற்றையும் பென்னிகுயிக்கையும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். 1895 முதல் அந்த நீர் எங்கள் வயல்களை வளர்த்துவருவது உண்மையே. ஆனால் வாய்க்கால் ஏறாத மேட்டுத் தோட்டங்களுக்குக் கிணறுதான் கதி. அந்தக் கிணற்று மேடுகளில் ஒருகாலத்தில் ஆயில் இன்ஜின்களே ஆண்டன. இலவச மின்சாரம் வந்தபின் அவை கொட்டகை மூலைகளில் ஒதுங்கின.

2012-இல் நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாமற்போனபோது நாங்கள் சகோதரர்கள் மூவரும் எங்களுடையதை மீண்டும் எழுப்பினோம். ஒற்றைச் சிலிண்டர், ஐந்து குதிரைத்திறன், நிமிடத்திற்கு 650 சுற்று. இங்கிலாந்தின் லிஸ்டர் இன்ஜினைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்க்கப்பட்டது. சுருளிப்பட்டிக்கு அருகிலுள்ள தோட்டத்தில் பன்னீர் திராட்சை கவாத்து முடிந்து பூவெடுத்திருந்தது. அந்தப் பருவத்தில் தண்ணீர் தவறினால் பிஞ்சு நிற்காது. கொடிப்பந்தலுக்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

இன்ஜின் அரைமணி நேரம் ஓடும். பிறகு வெந்நீர்க் குழாய் சீறிக்கொண்டு ஆவியைத் துப்பும். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். குளிர்நீரை இன்னும் திறந்துவிடு என்பதே பெரும்பான்மையோர் தீர்ப்பு. உத்தமபாளையத்திலிருந்து வந்த முதிய மெக்கானிக் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிக்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். முதலில் சேறு வந்தது. பிறகு முட்டையோட்டைப் போன்ற வெள்ளைச் சில்லுகள்.

"பச்சைத் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு உள்ளாற சுண்ணாம்புக் காளவாசலே ஆயிருச்சு தம்பி" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக அந்த வேதியியலைச் சொல்லிவிட முடியாது. கடினநீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடுபட்டதும் கல்லாகப் படிகிறது. இரும்பு கடத்தும் வெப்பத்தில் சிறு பங்கைக்கூட அந்தக் கல் கடத்தாது. எரியும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்நீர் வழியாகவே வெளியேற வேண்டும். அந்த வழியைத்தான் கல் அடைத்திருந்தது. எங்கள் இன்ஜின் தான் இறைக்கும் நீரிலேயே ஒரு கிளையைத் திருப்பிக் குடித்து, வெளியே விட்டுவிடும் வகை. ஆகவே ஓடிய ஒவ்வொரு மணிக்கும் புதிய சுண்ணாம்பு உள்ளே வந்துகொண்டேயிருந்தது.

நீர்த்த அமிலத்தை உள்ளே ஊற்றினார். சுர்ரென்று நுரை பொங்கிற்று. நுரை அடங்கியதும் கொட்டிக் கழுவி, மறுபடி ஊற்றினார். மூன்றாம் முறை நுரை எழவில்லை. மிச்ச அமிலம் இரும்பைத் தின்னாதிருக்கச் சலவைச் சோடா கரைத்த நீரால் அலசி, புதிய கேஸ்கட் வைத்து ஹெட்டை மூடினார்.

பழுது நீக்குவது அத்துடன் முடிந்தது என நாங்கள் எண்ணியிருக்க, அவர் பழைய குழாயையே மாற்றச் சொன்னார். 200 லிட்டர் பீப்பாய்கள் இரண்டை ஒரு மேடையில் ஏற்றி, சூடான நீர் மேற்குழாய் வழியே பீப்பாய்க்குச் செல்லவும், ஆறிய நீர் கீழ்க்குழாய் வழியே இன்ஜினுக்குத் திரும்பவும் செய்தார். தனியே பம்பு எதுவும் தேவையில்லை. வெந்நீர் இலேசாகி மேலேறுவதே போதும். மேற்குழாயின் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே எங்கள் வேலை. அதே நீர் சுற்றிச்சுற்றி வருவதால் அதிலுள்ள சுண்ணாம்பு ஒருமுறைதான் படியும். கோடையில் கிணறு இறங்கி ஃபுட்வால்வு காற்றை இழுத்தாலும் இன்ஜினின் வாய் வறளாது. முன்பெல்லாம் கிணறு வற்றும் அந்த நேரத்தில் பயிரும் இன்ஜினும் சேர்ந்தே தவித்தன.

கடல்நீரை நேராகக் குடிக்கும் பழைய பாய்மரப் படகு டீசல் இன்ஜின்களுக்கும் இதே நோய்தான். அங்கே உப்பு படிகிறது. பிற்காலப் படகுகளில் நன்னீர் இன்ஜினுக்குள் சுற்ற, கடல்நீர் வெளியே நின்று அந்த நன்னீரை மட்டும் ஆற்றுகிறது. கடலையே பார்த்திராத எங்கள் மெக்கானிக்கும் ஏறக்குறைய அதே இடத்திற்குத்தான் வந்துசேர்ந்திருந்தார்.

அவர் சொன்னவற்றில் எங்களை அதிகம் வியக்கவைத்தது வேறொன்று. இன்ஜினை மிகவும் குளிரவைப்பதும் கேடாம். சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுதாக எரியாது. புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரிக்கும். வெளியேறும் நீரில் விரலை வைத்தால் உடனே எடுத்துவிடத் தோன்ற வேண்டும். அதுவே சரியான சூடு, ஏறத்தாழ அறுபது டிகிரி. குழாயை முழுக்கத் திறந்துவிடச் சொன்ன ஊர்த் தீர்ப்பு, கல் இல்லாத இன்ஜினையும் மெல்லக் கொன்றிருக்கும்.

அன்று மாலை ஆறரைக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஓட்டினோம். மூவரும் முறைவைத்து விரலை நனைத்துப் பார்த்தபடி இருந்தோம். பன்னிரண்டு மணிக்குக் கடைசி வரிசைக் கொடிக்கும் நீர் பாய்ந்திருந்தது. மறுநாள் காலை மெக்கானிக் வந்து, தவளை விழாதிருக்கப் பீப்பாய்களின் வாயில் கொசுவலை கட்டச் சொல்லிவிட்டுத் தன் கூலியை வாங்கிக்கொண்டு போனார்.