டாங்கிகள் ஏறிய பனிக்கணவாய்... ஜோஜிலா முதல் கார்கில் வரை ஒரு போர்ப் பாதை!

ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் சாலையில் சோனமார்க்கைத் தாண்டினால், காருக்குள் பேச்சு குறைந்துவிடும். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தாலே தலைசுற்றும் பள்ளம். கீழே பால்டால் பள்ளத்தாக்கில் அமர்நாத் யாத்திரைக்கான கூடாரங்கள் தீப்பெட்டி அளவில் தெரியும். எதிரில் ஒரு லாரி வந்துவிட்டால், எந்த வண்டி பின்னால் போவது என்று டிரைவர்கள் கையசைத்தே பேசி முடிப்பார்கள்.

இதுதான் ஜோஜிலா கணவாய். உயரம் சுமார் 11,500 அடி. காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் வாசல் இது.

கோடைக்காலத்தில் போக்குவரத்து நெரிசல் இல்லாவிட்டால், சோனமார்க்கிலிருந்து ட்ராஸ் வரையிலான சுமார் 60 கி.மீ. தூரத்தை இரண்டரை, மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால், 1948 நவம்பரில் இதே வழியில் போன இந்திய ராணுவத்துக்கு, கணவாயிலிருந்து ட்ராஸ் வரையிலான சுமார் 40 கி.மீ.க்கு மட்டும் இரண்டு வாரங்கள் ஆயின. முன்னால் சென்றவை டாங்கிகள். அதுவரை உலகில் எங்கும் இவ்வளவு உயரத்தில் டாங்கிகள் போரிட்டதில்லை என்கிறார்கள் ராணுவ வரலாற்று ஆய்வாளர்கள்.

வாசல் மூடினால் லடாக் இல்லை!

1947 அக்டோபரில் தொடங்கியது முதல் காஷ்மீர் போர். அடுத்த ஆண்டு கோடையில், கில்கிட் பகுதியிலிருந்து வந்த பாகிஸ்தான் தரப்புப் படைகள் கார்கில், ட்ராஸ், ஜோஜிலா என ஒவ்வொன்றாகப் பிடித்தன. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் தரைவழி அறுந்துபோனது.

லே நகருக்கு மிச்சமிருந்தது வான்வழி மட்டும்தான். 1948 மே மாதம், விமானப்படை அதிகாரி மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தை இமயமலைச் சிகரங்களுக்கு இடையே ஓட்டிச் சென்று, லேயில் மணலும் கல்லுமாக இருந்த ஓடுபாதையில் இறக்கினார். அந்த விமானத்தில் அவருடன் இருந்தவர் மேஜர் ஜெனரல் திம்மையா. குடகு மண்ணில் பிறந்து, பிற்காலத்தில் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியானவர். அப்போது காஷ்மீர் பள்ளத்தாக்கில் இருந்த டிவிஷனுக்கு அவர்தான் தளபதி.

விமானத்தில் எத்தனை மூட்டை அரிசியையும் எத்தனை வீரர்களையும் ஏற்றிவிட முடியும்? குளிர்காலம் வந்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆகஸ்ட் மாதம் ஸ்கர்டு கோட்டையும் வீழ்ந்தது. பனி மூடுவதற்குள் ஜோஜிலாவைத் திறக்காவிட்டால், லடாக் கைவிட்டுப் போகலாம் என்ற நிலை.

செப்டம்பரில் காலாட்படை கணவாயைப் பிடிக்க முயன்றது. முடியவில்லை. மேலே பாறைக் குகைகளுக்குள் எந்திரத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு காத்திருந்தது. கீழிருந்து ஏறியவர்களுக்கு ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. பீரங்கிக் குண்டுகளாலும் குகைகளுக்குள் இருந்தவர்களை அசைக்க முடியவில்லை.

குகையின் வாய்க்கு நேர் எதிரே, துப்பாக்கிக் குண்டு துளைக்காத வண்டி ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால்? திம்மையாவின் திட்டம் அதுதான்.

தலையைக் கழற்றிய டாங்கிகள்

இதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 7-வது லைட் கேவல்ரி. 18-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் மாகாணத்துக் குதிரைப்படையாகத் தொடங்கிய ரெஜிமென்ட் இது. இரண்டாம் உலகப் போரில் இம்பால், பர்மா களங்களில் குதிரைகளுக்குப் பதிலாக ஸ்டுவர்ட் டாங்கிகளுடன் போரிட்டது. தளபதி, லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். 'ஸ்பாரோ', அதாவது சிட்டுக்குருவி என்ற செல்லப்பெயரால்தான் ராணுவத்தில் அவரை எல்லோருக்கும் தெரியும்.

காலாட்படையில் 'கம்பெனி' என்பதை டாங்கிப் படையில் 'ஸ்குவாட்ரன்' என்பார்கள். அப்படி ஒரு ஸ்குவாட்ரன் ஜம்மு பகுதியிலிருந்து கிளம்பியது. ஸ்டுவர்ட், டாங்கிகளிலேயே சிறிய ரகம். ஆனாலும் ஒன்றின் எடை சுமார் 15 டன். வழியில் இருந்த பாலங்கள் பல அந்தக் கனத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

அதனால் டாங்கியின் மேலே சுழலும் துப்பாக்கிக் கூட்டைத் தனியாகக் கழற்றினார்கள். எடை குறைந்தது. இன்னொரு லாபமும் கிடைத்தது. கூடு இல்லாமல், மேலே துணி போர்த்திப் போகும் வண்டியைப் பார்த்து டாங்கி என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பனிஹால் கணவாயைத் தாண்டி, ஸ்ரீநகரைக் கடந்து, அக்டோபர் நடுவில் பால்டால் வந்து சேர்ந்தன. அங்கே கூடுகளை மறுபடியும் மாட்டினார்கள்.

ரகசியம் கடைசிவரை காப்பாற்றப்பட்டது. இந்த மலைக்கு டாங்கி வரும் என்று எதிர்பார்க்காததால், அதை எதிர்க்கத் தேவையான ஆயுதம் எதிர்த்தரப்பிடம் இல்லை.

'தம்பி'கள் போட்ட பாதை

டாங்கி வந்தால் போதுமா? பால்டாலிலிருந்து கணவாய்க்கு ஏற அப்போது இருந்தது, கோவேறு கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஒற்றையடிப் பாதைதான். அதில் 15 டன் வண்டியை ஏற்ற வேண்டும்.

இந்த வேலை மெட்ராஸ் சாப்பர்ஸ் கைக்கு வந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ராணுவப் பொறியியல் படைப்பிரிவு அது. தென்னிந்தியர்கள் நிறைந்த படை. அதன் வீரர்களை இன்றும் ராணுவத்தில் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள். மேஜர் தங்கராஜு தலைமையில் வந்த சாப்பர்கள், அந்தக் கழுதைப் பாதையை டாங்கி போகும் அளவுக்கு அகலமாக்கத் தொடங்கினார்கள்.

பாறைக்கு வெடி வைக்க வேண்டும். சிதறிய கல்லை அள்ள வேண்டும். பள்ளத்தை நிரப்ப வேண்டும். மேலே எதிரியின் துப்பாக்கி. கீழே விழுந்தால் பள்ளத்தாக்கு. பெய்யும் பனி நேற்றுப் போட்ட பாதையை மூடிவிடும். பனியையே பார்க்காத ஊர்களிலிருந்து வந்தவர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். ஒரு டாங்கி சறுக்கி விழுந்தால் மொத்தத் திட்டமும் முடிந்தது. பாதையின் ஒவ்வொரு அடியையும் அந்தப் பயத்தோடுதான் போட்டார்கள். பாதை தயாரானது.

நவம்பர் 1: முதல் நாள்

அக்டோபரிலேயே நடந்திருக்க வேண்டிய தாக்குதல், மோசமான வானிலையால் தள்ளிப்போனது. நவம்பர் 1-ஆம் தேதியும் பனி கொட்டியது. இனியும் காத்திருந்தால் கணவாய் தானாகவே மூடிவிடும் என்பதால், அன்று பிற்பகலில் உத்தரவு வந்தது. இந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'பைசன்', அதாவது காட்டெருமை.

பீரங்கிகள் முழங்க, டாங்கிகள் வரிசையாகக் கணவாய்க்குள் நுழைந்தன. முன்னணி டாங்கி ஒன்றில் திம்மையாவும் இருந்தார். ஒரு டிவிஷனின் தளபதி இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. ஆனால், பின்னால் நடந்துவரும் ஜவான்களுக்குத் தளபதியும் முன்னால் போகிறார் என்று தெரிந்தது.

டாங்கிகள் குகை வாய்களுக்கு எதிரே நின்று சுட்டன. காலாட்படை அவற்றின் பின்னாலும் பக்கத்து மலைச்சரிவுகளிலும் ஏறியது. குகைகளில் இருந்தவர்கள் இடத்தை விட்டுப் பின்வாங்கினார்கள். பல வாரங்களாக அசையாத கணவாய், ஒரு பிற்பகலில் திறந்தது. இருட்டுவதற்குள் கணவாய்க்கு அப்பால் இருக்கும் கும்ரி சமவெளி வந்தாயிற்று.

பாதி தூரம் நான்கு நாள்... மீதி தூரம் பத்து நாள்!

ஜோஜிலா கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். டாங்கி வந்தது, கணவாய் விழுந்தது, வெற்றி. ஆனால், லே இன்னும் வெகு தூரத்தில் இருந்தது. அடுத்த நாள் காலை மறுபடியும் கிளம்ப வேண்டும்.

மறுநாள் மச்சோய். இன்று சாலையிலிருந்தே பனியாறு கண்ணில் படும் இடம். நவம்பர் 4-ஆம் தேதி மத்தாயன். கணவாய்க்கும் ட்ராஸுக்கும் ஏறக்குறைய நடுவில் உள்ள சிறு கிராமம். பாதி தூரத்தை நான்கே நாள்களில் கடந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த பிந்த்ராஸில் எல்லாம் நின்றுபோனது. இன்றைய பயணிகள் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் ஊர். பள்ளத்தாக்கு அங்கே குறுகுகிறது. இரண்டு பக்க உயரங்களிலும் எதிர்த்தரப்பு வலுவாக உட்கார்ந்திருந்தது. இந்த முறை டாங்கியும் எதிர்பாராத விருந்தாளி இல்லை. அது முன்னே போக அங்கும் பாதை இல்லை.

மறுபடியும் கடப்பாரையும் வெடிமருந்துமாகச் சாப்பர்கள் முன்னால் வந்தார்கள். டாங்கி போன தூரம் என்பது, சாப்பர்கள் பாதை போட்ட தூரம்தான்.

அந்த நாள்களில் இன்னொரு எதிரி குளிர். நவம்பரில் இங்கே இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே போகும். இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். டாங்கிக்குள் இருப்பவர்களுக்கு நான்கு பக்கமும் இரும்புதான். இந்தக் குளிருக்கு ஏற்ற உடையும் காலணியும் போதுமான அளவில் இல்லை. பனிக்கடியால் விரல்கள் மரத்துப்போன வீரர்களைப் பின்னால் அனுப்ப வேண்டியிருந்தது. எரிபொருள், குண்டு, ரொட்டி என எல்லாமே அதே ஜோஜிலாவைக் கடந்துதான் வர வேண்டும். ஒரு பெரிய பனிப்பொழிவு போதும், பின்னால் வாசல் மூடிவிடும்.

பத்து நாள்கள் இப்படிப் போயின. நவம்பர் நடுவில் காலாட்படை இரவோடு இரவாக உயரங்களில் ஏறியது. டாங்கிகள் துணைக்கு வந்தன. பிந்த்ராஸ் விழுந்தது. அதன்பிறகு தடை பெரிதாக இல்லை. நவம்பர் 15-ஆம் தேதி வாக்கில் ட்ராஸ் வந்தது. சுமார் 24-ஆம் தேதி கார்கில். அங்கே லே பக்கமிருந்து வந்த இந்தியப் படையும் இவர்களோடு சேர்ந்துகொண்டது. ஸ்ரீநகர் - லே வழி மீண்டும் இணைந்தது. 1949 ஜனவரி 1-ஆம் தேதி போர் நிறுத்தம் அமலானபோது, இந்தச் சாலை இந்தியாவின் கையில் இருந்தது.

கணவாயிலிருந்து ட்ராஸ் வரை கணக்குப் போட்டால், சராசரியாக ஒரு நாளைக்கு மூன்று கி.மீ.கூட இல்லை. சிட்டுக்குருவி ராஜிந்தர் சிங்குக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. 1965 போரில் ஒரு கவசப்படை டிவிஷனை வழிநடத்தி, அதே விருதை இரண்டாவது முறையும் பெற்றார்.

இன்று போனால் என்ன பார்க்கலாம்?

கும்ரி பக்கம், 1948 போரை நினைவுகூரும் ஜோஜிலா போர் நினைவிடம் இருக்கிறது. அங்கே இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். இந்தச் சரிவில் டாங்கியா என்ற கேள்வி தானாகவே வரும்.

ட்ராஸில் எல்லோரும் தவறாமல் நிற்கும் இடம், 1999 கார்கில் போர் நினைவிடம். பின்னணியில் டோலோலிங் மலை. அங்கே 1999-க்காகக் கண்கலங்குபவர்களில் பலருக்கு, அதே ட்ராஸுக்காக 51 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு போர் நடந்தது தெரியாது.

சாலையும் மாறிக்கொண்டிருக்கிறது. சோனமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஜோஜிலாவைக் குடைந்து சுமார் 13 கி.மீ. நீளத்துக்கு இன்னொரு சுரங்கம் தயாராகிறது. அது முடிந்தால், குளிர்காலத்திலும் லடாக்குக்குத் தரைவழி மூடாது. 1948-ல் பனியோடு போட்டி போட்டவர்களின் கவலை அப்போதுதான் முழுதாகத் தீரும். பயணிகளும் கணவாயில் ஏறாமலேயே மலைக்குள் புகுந்து வெளியே வந்துவிடுவார்கள். அந்த வளைவுகளில் ஏறிப் பார்க்க நினைப்பவர்கள் அதற்கு முன் போய்விடுவது நல்லது.

கிளம்பும் முன்...

* ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். கனமழை பெய்தால் மண்சரிவு வரும். அன்றைய சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

* கணவாயில் வாகனங்களை நேரம் பிரித்து அனுப்புவது உண்டு. சோனமார்க்கில் தங்கி, அதிகாலையில் புறப்பட்டால் நெரிசலில் சிக்காமல் தப்பலாம்.

* வெளிமாநில ப்ரீபெய்டு சிம் இங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றாவது குடும்பத்தில் யாரிடமாவது இருக்கட்டும்.

* ட்ராஸும் 10,000 அடிக்கு மேல்தான். குழந்தைகளையும் வயதானவர்களையும் முதல் நாளே அதிகம் நடக்க விடாதீர்கள். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

* கோடையிலும் ஸ்வெட்டர், கையுறை, காதை மூடும் தொப்பி அவசியம்.

மத்தாயனைத் தாண்டியதும் பெரும்பாலும் வண்டியில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பிந்த்ராஸ் வந்தால் மட்டும் டிரைவரிடம் சொல்லி இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு படை பத்து நாள்கள் நின்ற இடம் அது.