சியாங் மாயில் இன்னுமோர் ஆண்டு

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் 50 வயது நிறைந்த அந்நியர், வங்கி இருப்பைக் காட்டி அனுமதி கோருவதானால், 8 லட்சம் பாத்தை விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பிருந்து, அனுமதி கிடைத்தபின் 3 மாதம் வரை குறையாமல் வைத்திருந்து, 1,900 பாத் கட்டணத்துடன் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய மாதங்களிலும் அது 4 லட்சத்துக்குக் கீழே இறங்கலாகாது. வைத்தியச் செலவு திடீரென்று நேரக்கூடிய வயோதிகருக்கு இந்த நிபந்தனையே பெருஞ்சிரமம் என்பது என் அபிப்பிராயம். 90 நாளுக்கொருமுறை விலாசம் தெரிவிப்பது அவ்வளவு கஷ்டமல்ல.

நான் அஞ்சுவது வேறொன்று: மறுநுழைவு அனுமதி பெறாமல் நாட்டைவிட்டுப் புறப்பட்டால், புதுப்பித்தது முழுவதும் ரத்தாகிவிடும். ஊரிலிருந்து துக்கச் செய்தி வரும் வேளையில் யாருக்கு அது நினைவிருக்கும்? ஆகையால் சிநேகிதர்களே, புதுப்பிக்கும் அன்றே அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.