பன்னிரண்டு பாட்டு லிஸ்ட்

"ரெக்கார்டிங் சென்டர்" என்றால் என்ன என்று இப்போது காலேஜ் படிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். சினிமாவுக்கு டப்பிங் பேசுகிற இடம் என்று பதில் வந்தாலும் வரும். அவர்கள் மேல் தப்பில்லை, பார்த்ததே இல்லையே!

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், டீக்கடையை ஒட்டி அப்படி ஒரு கடை இருக்கும். காலி கேசட்டையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு மூன்று நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டு ஒன்று நாலரை, ஐந்து நிமிடம் என்றால் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. பதிமூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் பன்னிரண்டில் ஒன்றை அடித்துத்தான் ஆக வேண்டும். எதை அடிப்பது என்று ஹாஸ்டலில் சண்டையே நடக்கும்.

இத்தனைக்கும் அந்த கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் வெளியிட்டபோது, பாட்டுக்காக என்பதை விட பேச்சைப் பதியத்தான் அதிகம் நினைத்தார்கள். இந்தியாவில் அது ஊரெல்லாம் பரவியதற்கு முக்கியக் காரணம் மலிவு. இசைத்தட்டு காலத்தில் பெரிய கம்பெனி வைத்ததுதான் விலை. டெல்லியில் அப்பாவின் பழச்சாறு கடையில் வேலை பார்த்த குல்ஷன் குமார், எண்பதுகளில் டி-சீரிஸ் என்ற பெயரில் குறைந்த விலைக்கு கேசட் போட்டு அந்தக் கோட்டையை உடைத்தார் (1997-இல் மும்பையில் அவரைச் சுட்டுக் கொன்றது தனிக் கதை). அந்த மலிவையும் தாண்டிய மலிவுதான் ஊர் ரெக்கார்டிங் சென்டர்.

அந்த மலிவைத் தேடி, இத்தனை வருடம் கழித்து மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். மூவரும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஹாஸ்டல் அறை. எம்.எம்.தண்டபாணி தேசிகர் இசைத்துறைத் தலைவராக இருந்த பல்கலைக்கழகம் அது. ஆனால் இவர்கள் அறையில் கேட்டதெல்லாம் சினிமா பாட்டுதான்! ஒருவர் இப்போது சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். மூன்றாமவர் கடலூரை ஒட்டிய குடிகாட்டில், சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. சரியாகச் சொன்னால் அந்த அறையில் நாலு பேர். நாலாவது ஆள் இப்போது இல்லை.

சிங்கப்பூர்க்காரரும் சென்னைக்காரரும் காலையிலேயே பாண்டிச்சேரி வந்துவிட்டார்கள். அங்கே மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் நடக்கும் சண்டே மார்க்கெட்டில் சட்டை, செருப்பு, பாத்திரம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். பழைய சாமான் விரித்திருந்த இடத்தில் குவியலாக சிடி. பத்து ரூபாய்க்கு ஒன்று, மூன்று எடுத்தால் இருபத்தைந்து. குந்த வைத்துக் கிளறியதில் ஏழு தேறியது. அதில் இரண்டு டப்பா மட்டும்தான், உள்ளே சிடி இல்லை :-)

அங்கிருந்து பஸ் ஏறி கடலூர். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு காலத்தில் கேசட் விற்ற கடையைத் தேடினால், அந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. வெயிலில் இரண்டு தரம் நடந்ததுதான் மிச்சம். பிறகு சிதம்பரம் போகும் சாதா பஸ். சிப்காட் ஸ்டாப்பில் குடிகாட்டுக்காரர் ஏறினார். நைட் ஷிஃப்ட் முடித்து மதியம் வரை தூங்கிய முகம். ஏறியதும் முதல் கேள்வி, "என்னடா, முடியெல்லாம் எங்க போச்சு?"

அவரிடம்தான் ஒரு காலத்தில் கேசட் அதிகம் இருந்தது. அறையைக் காலி செய்த அன்று நாலு பேர் கேசட்டும் அவர் வீட்டுக்குப் போயிற்று. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, அவர் வீட்டு ஓடுகள் பறந்து, பரணில் இருந்த கேசட் பெட்டி மழையில் ஊறிப் போனது. நாடாவைக் காய வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடக்கும்போது கேசட்டுக்காக யார் அழ முடியும்? அவரும் யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில்தான் முதல் முறையாகச் சொன்னார்.

"பாட்டெல்லாம் போன்ல இருக்குடா. அவன் எழுதின அட்டைதான் போச்சு."

எல்லா கேசட்டுக்கும் அட்டையில் பாட்டு வரிசை எழுதுவது நாலாவது ஆளின் வேலை. கோழி கிறுக்காத நல்ல கையெழுத்து அவருக்கு மட்டும்தான். எதை அடிப்பது என்ற சண்டைக்கும் கடைசித் தீர்ப்பு அவருடையதே.

சிதம்பரத்தில், தேர் ஓடும் வீதி ஒன்றில், இவர்கள் அன்று பாட்டுப் பதிந்த கடை இன்னும் இருக்கிறது, ஜெராக்ஸ் கடையாக. கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். ஆளை அடையாளம் தெரியவில்லை, ஆனால் ஹாஸ்டல் பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். மேல் தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். பதியக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் கேசட்!

"பரீட்சை முடிஞ்சதும் பாதிப் பேரு ஊருக்குப் போயிடுவாங்க தம்பி. தூக்கிப் போட மனசு வரல."

சென்னைக்காரர் குறும்பாகக் கேட்டார், "அண்ணே, அப்ப போலீஸ் வந்ததில்லையா?"

"சட்டப்படி தப்புதான் தம்பி. தெரிஞ்சேதான் செஞ்சோம்."

அவர் சொன்னது சரி. 1957-இன் காப்புரிமைச் சட்டத்தை 1984-இல் திருத்தி, திருட்டுப் பதிவுக்குத் தண்டனையைக் கூட்டினார்கள். கேசட்டின் மேல் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் கட்டாயம் என்றார்கள். இந்தக் கடை கேசட்டில் இருந்தது பேனாவால் எழுதிய பாட்டு வரிசை மட்டும். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் இதில் ஒரு பைசா போகவில்லை. (நியாயமாக விற்ற கேசட்டிலும் அவர்களுக்குப் பெரிதாகப் போய்விடவில்லை. ராயல்டியில் அவர்களுக்குள்ள சம பங்கை எழுதி வாங்கிவிட முடியாது என்ற பாதுகாப்பு 2012 திருத்தத்தில்தான் வந்தது.) மாணவன் பாக்கெட்டில் மிச்சமான காசு யாரோ ஒருவருக்கு வராமல் போன காசுதான். அந்த நாட்களை இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நேர்மை.

மூவரும் தரையில் உட்கார்ந்து பெட்டி முழுவதும் தேடினார்கள். தெரியாத பெயர்கள், தெரியாத ரூம் நம்பர்கள், "அவசரம்" என்று அடிக்கோடு போட்ட துண்டுச் சீட்டுகள். நாலாவது ஆளின் கையெழுத்து எதிலும் இல்லை. கடைக்காரர் பழைய டெக் ஒன்றில் ஒரு கேசட்டைப் போட்டார். ஈரம் ஏறிய நாடா, பாட்டு அழுதுகொண்டே வந்தது. பக்கம் முடிகிற இடத்தில் சரணம் பாதியிலேயே அறுந்து டக்கென்று நின்றது. மூவரும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார்கள். மீதியை ஹாஸ்டலில் அவர்களே பாடி முடிப்பது அப்போதைய வழக்கம்.

சாயங்காலம் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டுக்கொண்டே சிங்கப்பூர்க்காரர் பில்லைத் திருப்பி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டார். நாலாவது ஆள் இருந்திருந்தால் என்ன லிஸ்ட் போட்டிருப்பார்? பத்து பாட்டு மளமளவென்று வந்தது. பதினொன்றுக்குக் கொஞ்சம் சண்டை. பன்னிரண்டாவதற்கு மூவரும் ஆளுக்கொரு பாட்டு சொன்னார்கள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. தீர்ப்பு சொல்ல ஆள் இல்லை. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்று குடிகாட்டுக்காரர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்றைக்குப் போனில் கோடிப் பாட்டு இருக்கிறது, எதையும் அடிக்க வேண்டியதில்லை. வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதை அடிப்பது என்று கூட உட்கார்ந்து சண்டை போட ஒரு ஆளும் தேவைப்படுவதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால், எடைக்குப் போடும் முன் டப்பாவைத் திறந்து அட்டையை மட்டும் படித்துப் பாருங்கள். அப்பாவுடையதோ சித்தப்பாவுடையதோ, அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கேளுங்கள். பாட்டை எப்போது வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.