ஜாக்கி தூக்கும், ஸ்டாண்டு தாங்கும்

இயந்திரங்கள் மலிந்த காலம் இது. முன்பு மாட்டு வண்டிகள் அவிழ்த்து நிறுத்தப்பட்ட எங்கள் குரும்பலூர் வாசல்களில் இன்று டிராக்டரும், மினி லாரியும், பழைய மாருதி காரும் நிற்கின்றன. பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் வழியில் உள்ள ஊர் எங்களுடையது. சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றை வயலிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து சந்தைக்கும் கொண்டு செல்ல வண்டி வேண்டும். வண்டி இருந்தால் பழுதும் உண்டு. பட்டறையில் விட்டால் ஒரு நாள் வேலையும் கெடும், கூலியும் ஆகும். ஆகவே சிறு பழுதுகளை வாசலிலேயே சரிசெய்துகொள்வது எங்கள் ஊர் வழக்கம். அவ்வேளைகளில் டார்ச் லைட் பிடிப்பதும், கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பதும் பெண் பிள்ளைகளாகிய எங்கள் பங்கு.

குரும்பலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் பள்ளிக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவியர் மூவர் நாங்கள். ஒருத்தி வீட்டில் டாடா ஏஸ், மற்றொருத்தி வீட்டில் டிராக்டரும் டிரெய்லரும், இன்னொருத்தி வீட்டில் மாருதி 800. 12–13 ஸ்பானர் எது, 16–17 ஸ்பானர் எது என்று இருட்டிலும் தொட்டுச் சொல்வோம். கோலமும் சமையலும் பற்றிப் பல தோழியர் இம்மலரில் அழகாக எழுதுவார்கள். நாங்கள் எங்கள் மனத்தை உறுத்திய ஒரு செய்தியை எழுத விரும்புகிறோம். வண்டியைத் தூக்கிய பிறகு அதைத் தாங்கி நிற்பது எது என்பதே அச்செய்தி.

சென்ற கோடையில் எங்கள் தெருவில் ஒருவர் தம் டிரெய்லரின் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் கீழே ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்க அவர் திண்ணைக்கு வந்த சமயம் ‘படார்’ என்று ஓர் ஓசை கேட்டது. கல் இரண்டாகப் பிளந்து அச்சு மண்ணில் புதைந்திருந்தது. நல்லவேளையாக ஒருவருக்கும் காயம் இல்லை. “கடவுள் காப்பாற்றினார்” என்று எல்லாரும் கலைந்து சென்றனர். ஆனால் எங்கள் மூவருக்கும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அதே போன்ற கற்கள் எங்கள் வீட்டு வாசல்களிலும் கிடந்தன. அவற்றின் அருகில் படுத்து வேலை செய்பவர்கள் எங்கள் அப்பாக்கள். அது முதல் கண்டவரிடமெல்லாம் கேட்டும், நூல்களைப் படித்தும், கடைகளில் ஏறி இறங்கியும் நாங்கள் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் ஜாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காருடன் வருவது திருகு ஜாக்கி. லாரிக்காரர்கள் வைத்திருப்பது எண்ணெயால் இயங்கும் பாட்டில் ஜாக்கி. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது நாம் வகுப்பில் படித்த பாஸ்கல் விதி. சிறிய பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரிய பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. என்று கொள்வோம். சிறியதன் மேல் 30 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால், பெரியது 600 கிலோவைத் தூக்கும். இதே தத்துவத்தால் இயங்கும் அழுத்த எந்திரத்துக்கு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை பெற்றார். இவ்வளவு பெரிய பாரத்தை உள்ளே தாங்கிப் பிடிப்பது எண்ணெயும், அதை ஒழுகாமல் காக்கும் ஓர் ஆயில் சீலும், சிறு வால்வும்தான். சீல் தேய்ந்தால் எண்ணெய் கசியும். வால்வில் மண் துகள் சிக்கினால் ஜாக்கி தானே இறங்கும். திருகு ஜாக்கிக்கு எண்ணெய் இல்லை. ஆனால் அதன் அடி சிறியது, பக்கவாட்டில் ஓர் உலுக்கல் போதும், சாய்ந்துவிடும். ஜாக்கி தூக்குவதற்காகச் செய்யப்பட்டது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்க வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றாக நம் ஊரில் கல்லை வைக்கிறோம். சுவரில் வரிசையாகப் பாரம் பரவும்போது ஹாலோ பிளாக் நன்றாகத் தாங்குகிறது. வண்டியின் அச்சோ ஒரு சிறு இடத்தில் அழுத்துகிறது. அந்த இடம் கல்லின் மெல்லிய விளிம்பாக இருந்தால் அது வளையாது, முனகாது, திடீரென்று உடையும். இரும்பு வளைந்து எச்சரிக்கும். மரம் நெரிந்து ஓசை எழுப்பும். கான்கிரீட் கல் அந்த அவகாசமும் தருவதில்லை. செங்கல்லும் அப்படியே.

இதற்கென்றே செய்யப்பட்ட இரும்புத் தாங்கிக்கு ஜாக்கி ஸ்டாண்டு என்று கடைகளில் பெயர். அகன்ற அடியும், நடுவில் உயர்த்தித் தாழ்த்தும் தண்டும், தண்டின் தலையில் அச்சு நழுவாமல் உட்காரும் பள்ளமும் உடையது. இரண்டு வகைகளை நாங்கள் பார்த்தோம். ஒன்றில் தண்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வேண்டிய உயரத்தில் தடித்த இரும்புப் பின்னைச் செருக வேண்டும். மற்றொன்றில் தண்டில் பற்கள் இருக்கும். தண்டை உயர்த்தினால் ஒரு நாக்கு பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பல் வகையில் உயரத்தை மாற்றுவது எளிது. பின் வகையில் கெட்டுப்போக ஒன்றுமில்லை, விலையும் குறைவு. பல் வகையுடன் கூடுதலாக ஒரு பின்னும் சேர்ந்து வந்தால் அது மிக நன்று. எந்த வகையானாலும் பின் தொலைந்தால் அதற்கு ஆணியோ கம்பித் துண்டோ போடக் கூடாது.

எவ்வளவு பாரம் தாங்குவது வாங்க வேண்டும்? இதற்கு வண்டியின் எடை தெரிய வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் காலி எடை அச்சிடப்பட்டிருக்கிறது. மாருதி 800 சுமார் 650 கிலோ. டாடா ஏஸ் காலியாக இருக்கும்போதே 800 கிலோவுக்கு மேல். பிக்கப் வண்டிகள் ஒன்றரை டன்னைத் தாண்டும். ஒரு முனையை மட்டும் தூக்கும்போது ஏறக்குறையப் பாதி எடைதான் ஸ்டாண்டுகளின் மேல் வரும். எஞ்சின் உள்ள பக்கம் சற்றுக் கூடுதல். ஆனாலும் கணக்கை இழுத்துப் பிடிக்கக் கூடாது. காருக்கு 2 டன், சரக்கு வண்டிக்கு 3 டன் என்று கொள்வது நல்லது. அந்த எண் ஒரு ஸ்டாண்டுக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டே தீர வேண்டும். சரக்கை இறக்காமல் வண்டியைத் தூக்கவே கூடாது.

புதிதாக வாங்கியது என்பதாலேயே ஒரு பொருளை நம்பிவிட இயலாது. 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்னும் கருவி விற்பனை நிறுவனம், தான் விற்ற பல் வகை ஸ்டாண்டுகளைப் பல லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. உற்பத்தியில் பயன்பட்ட அச்சுகள் தேய்ந்ததால், நாக்கு பல்லில் போதிய ஆழம் பிடிக்காமல் நழுவக்கூடும் என்று தெரிய வந்தது. மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகள் சிலவற்றில் வெல்டிங் குறை காணப்பட்டு, அதே ஆண்டில் அவற்றையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பெரிய நாட்டிலேயே இப்படி என்றால் நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? கடையிலேயே ஸ்டாண்டைச் சமதரையில் வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாக் கால்களும் தரையில் படிகின்றனவா, தண்டு அளவுக்கு மீறி ஆடுகிறதா, வெல்டிங் இடைவெளியின்றி ஓடியிருக்கிறதா, தாங்கும் எடை எழுதப்பட்டிருக்கிறதா, நாக்கு பல்லின் அடி வரை விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இனி விலைக்கு வருவோம். பெரம்பலூரிலும் திருச்சியிலும் நாங்கள் விசாரித்தபோது ஒரு சோடி ரூ.2,000 முதல் ரூ.3,500 வரை சொன்னார்கள். “அதே இரும்பை வாங்கிக் கொடுத்தால் பட்டறையில் பாதி விலைக்கு அடித்துத் தருவார்கள்” என்று சிலர் கூறினர். திருச்சி வட்டாரம் வெல்டிங் வேலைக்குப் பெயர் பெற்றது என்பது உண்மையே. 1965-இல் தொடங்கப்பட்ட பெல் கொதிகலன் ஆலையைச் சுற்றி எத்தனையோ பட்டறைகள் வளர்ந்துள்ளன. ஆனால் கதவு, ஜன்னல் கம்பி செய்யும் மெல்லிய குழாயில் ஸ்டாண்டு செய்தால் அது உயிரோடு விளையாடுவதாகும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வெல்டர் அண்ணன், “கேட்டு உடைஞ்சா மறுபடி பத்த வெச்சுக்கலாம். இது உடைஞ்சா என்ன செய்வ பாப்பா? பாரம் வெச்சு சோதிக்காம இதையெல்லாம் நான் செய்து தரமாட்டேன்” என்று மறுத்துவிட்டார். அவருடைய மறுப்பை நாங்கள் மதிக்கிறோம்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஒருத்தியின் அப்பா சிரித்தார். “இருபது வருசமா இந்தக் கல்லுதான் தாங்குது” என்றார். இருபது ஆண்டுக் கோடையும் மழையும் கண்ட கல்லின் உள்ளே எத்தனை விரிசல் இருக்குமோ என்று அவள் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் கல்லைப் புரட்டிப் பார்த்தார். இன்னொருத்தியின் அம்மா, “ஆண்டுக்கு நாலு தரம் தேவைப்படுவதற்கு இவ்வளவு காசா?” என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்வியே. நான்கு நாள் பேச்சுக்குப் பின் மூன்று வீடும் சேர்ந்து வாங்குவது என்று முடிவாயிற்று. 3 டன் தாங்கும், பின்னும் உடைய பல் வகைச் சோடி ஒன்று ரூ.2,700-க்குக் கிடைத்தது. வீட்டுக்கு ரூ.900. கல்யாணப் பாத்திரங்களைத் தெருவே பகிர்ந்துகொள்ளும் ஊரில், ஸ்டாண்டைப் பகிர்வதற்குத் தடை ஏது?

வாங்கியதோடு வேலை முடியவில்லை. எங்கள் வட்டாரத்தில் கரிசல் மண் மிகுதி. மழைக்குக் குழையும், வெயிலுக்கு வெடிக்கும். அதில் ஸ்டாண்டின் கால்கள் மெல்லப் புதையும். ஆகவே சிமெண்டுத் தரையில் நிறுத்த வேண்டும். இல்லையேல் தடித்த பலகையை அடியில் போட வேண்டும். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திவிட வேண்டும். காரிலும் ஏஸிலும் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். எனவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட வேண்டும். ஸ்டாண்டை அச்சின் கீழோ, சேஸிஸின் கீழோ, காரில் அதற்கென்று குறித்த இடத்திலோ வைக்க வேண்டும். எஞ்சின் ஆயில் சேம்பரின் கீழ் ஒருபோதும் வைக்கலாகாது. இரண்டு ஸ்டாண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வண்டியை அவற்றின் மேல் மெதுவாக இறக்கி, வெளியே நின்று கையால் நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் கீழ் படுக்க வைத்தால் அது காசில்லாத இரண்டாம் காவல். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஊசலாடுவது. அதைத் தூக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

இவற்றையெல்லாம் ஓர் அட்டையில் எழுதி ஸ்டாண்டோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எந்த வீட்டுக்குச் சென்றாலும் அட்டையும் உடன் செல்கிறது. சக்கரத்துக்குக் கட்டை போட்டாயிற்றா, பின் செருகியாயிற்றா, உலுக்கிப் பார்த்தாயிற்றா என்று நாங்கள் உரக்கப் படிப்போம். எல்லாவற்றுக்கும் “ஆச்சு” என்ற பதில் வந்த பிறகே டார்ச் லைட் எரியும். முதலில் அப்பாக்களுக்கு இது விளையாட்டாக இருந்தது. இப்போது நாங்கள் மறந்தாலும் அவர்களே, “அட்டையைப் படி பாப்பா” என்கிறார்கள்.

தோழியரே! நம் வீடுகளில் வண்டி ஓட்டுபவர்கள் ஆண்களாக இருக்கலாம்; பழுது பார்ப்பவர்களும் அவர்களாக இருக்கலாம். ஆனால் அருகில் விளக்குப் பிடித்து நிற்பவள் வண்டியின் அடியில் உள்ளவர் காணாததைக் காண்கிறாள். கல் விரிவதும், ஜாக்கி இறங்குவதும், சக்கரம் நகர்வதும் அவள் கண்ணுக்கே முதலில் தெரியும். “நிறுத்துங்கள், வெளியே வாருங்கள்” என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. பெரியவர்களுக்கு நாம் சொல்வதா என்று தயங்க வேண்டாம். அன்புள்ள இடத்தில் சொல்லும் எச்சரிக்கை மரியாதைக் குறைவாகாது. உங்கள் வீட்டு வண்டியைத் தாங்குவது கல்லா, கட்டையா, ஸ்டாண்டா என்று இன்றே பாருங்கள். கல்லென்றால், அண்டை வீட்டாரோடு பேசி ஒரு சோடிக்கு வழி தேடுங்கள்.