எஃப்.சி. 150: ஒரு மலைவண்டியும் அதைக் கட்டும் பட்டறையும்

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை சென்று சேரும்படி அமைந்த சிறிய சுமைவண்டிகளில், பழைய வண்டிகளைச் சேகரிப்போர் இன்று விரும்பித் தேடுவனவற்றுள் மகிந்திராவின் எஃப்.சி. 150 ஒன்று. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1956-இன் இறுதியில் வெளியிட்ட இவ்வண்டியில், வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் முன்மூக்கை அறவே நீக்கி ஓட்டுநரை முன் அச்சின் மேலேயே அமர்த்தியதால், இரு அச்சுகளுக்கும் இடையே 81 அங்குலமே உள்ள வண்டியில் 74 அங்குல நீளச் சுமைத்தொட்டிக்கு இடம் கிடைத்தது. 1940-களின் பிற்பகுதியிலேயே பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியிருந்த மகிந்திரா 1960-களில் இதனையும் தயாரித்தது. அமெரிக்காவில் உற்பத்தி நின்ற பின்பும் இந்தியாவில் அது தொடர்ந்தது.

தென்தமிழகத்தின் சங்கரன்கோவில் இத்தகைய வண்டிகளைச் சீரமைப்பதற்கெனப் பெயர்பெற்ற ஊரன்று. புளியங்குடி எலுமிச்சையையும் உள்ளூர்ப் பூச்சந்தையின் மல்லிகையையும் ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டிகளும், கரிசல்காட்டு டிராக்டர்களும்தாம் இங்குள்ள பட்டறைகளுக்கு அன்றாடம் சோறு போடுகின்றன. ஆயினும் மேற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர் மலையடிவாரத் தோப்புகளும், வடக்கே போடி, கம்பம் பகுதியிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளும் உள்ள நிலப்பரப்பு இது என்பதால், பழைய ஜீப்பின் உடற்கூறு தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. சேகரிப்பாளர் ஒருவரின் வண்டி இத்தகைய பட்டறைக்கு வந்து சேரும்போது, அதைத் தொடும் முதல் கை பெரும்பாலும் மெக்கானிக்கினுடையதன்று, டிங்கருடையது.

டிங்கர் என்போர் நசுங்கியும் துருவேறியும் போன தகட்டைத் தட்டி, வெட்டி, ஒட்டி மீண்டும் உருவாக்கும் தொழிலாளர். மழைநீரும் சேறும் தங்கும் தரைத்தகடும் தொட்டியின் அடிவிளிம்பும் முதலில் அரிக்கப்படுவதால், பெயிண்டைச் சுரண்டி, சுத்தியலின் முனையால் தட்டிப் பார்த்து, ஓசை மந்தமாக எழும் இடம்வரை சாக்பீஸால் கோடிழுத்து, அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே, நல்ல இரும்பு தொடங்கும் இடத்தில் அவர் வெட்டுகிறார். புதிய தகட்டைப் பற்றவைக்கும்போது ஒரே மூச்சில் ஓரம் முழுவதையும் ஒட்டினால் வெப்பத்தால் தகடு நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு புள்ளி, எதிர்முனையில் ஒரு புள்ளி எனத் தள்ளித் தள்ளி வைத்து, இடையிடையே ஈரத்துணியால் சூட்டைத் தணித்து, பிறகே இடைவெளிகளை நிரப்புகிறார். அதன்பின் உள்ளங்கையில் அடங்கும் டாலி என்ற உருக்குக்கட்டையைத் தகட்டின் பின்புறம் பிடித்துக்கொண்டு முன்புறத்தில் மெல்லத் தட்டி மேடுபள்ளங்களைச் சமன்செய்கிறார். கண்ணுக்கு நேராகத் தெரியும் பரப்பில் எஞ்சியிருக்கும் பள்ளத்தை அவர் விரல்களைப் பரப்பி உள்ளங்கையால் தடவியே கண்டுபிடிக்கிறார். பட்டி என்ற நிரப்புப் பசையைத் தடிப்பாக அப்பி அப்பள்ளத்தை மறைப்பது எளிது. அப்படி மறைத்த வேலை மலைச்சாலையின் அதிர்ச்சியில் வெடித்துவிடும் என்பதால் நல்ல டிங்கர் அதை இழிவாகவே கருதுகிறார். பட்டறையில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றழைப்பதில் வயதுக்குரிய மரியாதை மட்டும் இல்லை.

எஃப்.சி. 150-இன் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, ஒரு மூடியின் கீழ் இருப்பதால், மெக்கானிக் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்தே வேலை பார்க்க நேர்கிறது. ஹரிக்கேன் எனப் பெயரிடப்பட்ட இந்த 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் நுழையும் வால்வுகள் மேலே ஹெட்டிலும், புகை வெளியேறும் வால்வுகள் கீழே பிளாக்கிலும் அமைந்துள்ளன. ஆகவே ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்ததாகாது. கீழ் வால்வுகளை அவை இருக்கும் இடத்திலேயே தேய்ப்புப் பசை தடவி, வால்வில் பொருத்திய குச்சியை இரு உள்ளங்கைகளுக்கிடையே முன்னும் பின்னும் உருட்டித் தேய்த்து, வால்வின் விளிம்பைச் சுற்றி அறுபடாத சாம்பல்நிற வளையம் தெரியும்வரை பொறுமையாக இருத்த வேண்டும்.

இந்த எஞ்சினோடு வந்துசேரும் வண்டிகள் அரியவை. பெட்ரோல் செலவு தாங்காத உரிமையாளர்கள் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினர்; அதற்காகச் சேசிஸில் புதிய தாங்கிகள் ஒட்டப்பட்டன, கியர்பாக்ஸ் இணைப்பு லேத்தில் கடைந்து மாற்றப்பட்டது. அந்த மாற்றம் இல்லாதிருந்தால் இவ்வண்டிகளுள் பல பழைய இரும்புக்கடைக்குச் சென்றிருக்கும். ஆனால் 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத சொந்தப் பயன்பாட்டு வண்டிகளையே விண்டேஜ் வாகனங்களாக ஏற்கின்றன. அவ்வாறு ஏற்கப்படும் வண்டிக்கு 20,000 ரூபாய்க் கட்டணத்தில் 10 ஆண்டுகளுக்கான பதிவும், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட எண்பலகையும் கிடைக்கும். கண்காட்சி, அணிவகுப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே அது சாலைக்கு வரலாம். சரக்கு வண்டியாகவே வாழ்நாளைக் கழித்த பிக்கப்புக்குச் சொந்தப் பயன்பாடு என்ற வரையறையே முதல் தடையாகிறது, டீசல் எஞ்சின் இரண்டாவது தடையாகிறது.

ஆகவே முன்தலைமுறைத் தொழிலாளர் ஒட்டிய தாங்கிகளை இன்றைய தொழிலாளர் அறுத்தெடுத்து, பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்தை மீட்பது மதிக்கத்தக்க வேலைதான் என்றாலும், அந்தத் தாங்கிகளும் வண்டியின் வரலாறே என்பதும், அவற்றை வடித்த கைவேலை அசல் உதிரிப்பாகத்திற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பதும் உறுதியாகச் சொல்லத்தக்கவை. சேகரிப்பாளரின் கோப்பில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பழைய உரிமையாளர்களின் வரிசையும் இடம்பெறுகின்றன. அறுத்தெடுத்த தாங்கியின் படமும், எந்தத் தகடு எந்த ஆண்டில் எந்தப் பட்டறையில் யாரால் மாற்றப்பட்டது என்ற குறிப்பும் அதே கோப்பில் சேர்க்கப்படுமாயின், அடுத்து அவ்வண்டியைத் திறக்கும் டிங்கருக்கு எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்பது தட்டிப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும்.