நோட்டின் முதுகு

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கண்ணில் படுவதெல்லாம் காகிதம்தான். ரீம் கட்டுகளும் கலர் அட்டைகளும் கல்யாணப் பத்திரிகை உறைகளும் தள்ளுவண்டியிலும் ஆட்களின் தோளிலும் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். வழிவிடச் சொல்லும் குரல் கேட்கும். விடுவதற்குத்தான் இடம் இருக்காது. இரவில் நாலு வரி எழுதிவைக்க ஒரு வெற்று நோட்டு வேண்டுமென்று அங்கே போனேன். தேதி அச்சிட்ட டைரி எனக்கு ஒத்துவராது. உரக்கடையும் நகைக்கடையும் ஜனவரியில் ஓசியாகத் தரும் டைரியில் நாளுக்கு ஒரு பக்கம் என்று யாரோ அளந்து வைத்துவிடுகிறார்கள். ஒன்றும் நடக்காத நாளில் அந்தப் பக்கம் முறைக்கிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்த நாளில் அது போதவில்லை.

பெரிய கடைகளிலும் பார்த்தாயிற்று. தோல்போல ஒரு மேலட்டை, எலாஸ்டிக் பட்டை, ரிப்பன், விலை எண்ணூறு ரூபாய். கண்ணாடித்தாள் சுற்றி ஒட்டியிருப்பதால் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள். வெளியே இருப்பதற்குத்தான் காசு, உள்ளே இருப்பது நம் அதிர்ஷ்டம் என்கிற வியாபாரம். என் புலம்பலைக் கேட்ட காகிதக் கடைக்காரர் ஒருவர் பக்கத்துச் சந்தில் இருந்த பைண்டிங் பட்டறையைக் கைகாட்டினார்.

குறுகலான மாடிப்படி. ஏறும்போதே மைதாப் பசையின் வாடை. பூச்சி அரிக்காமல் இருக்கக் காய்ச்சும்போதே கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள். வாளியில் இருந்த பசையில் அந்த நீலம் லேசாகத் தெரிந்தது. ஜன்னலோரம் கைச்சக்கரம் வைத்த பழைய கட்டிங் மெஷின். தரையில் நான்கு பெண்கள், இருவர் மடிக்க, இருவர் தைக்க. பட்டறைக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பேனாவுல எழுதுவீங்க தம்பி?"

எந்தக் கடையிலும் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. மைப் பேனா என்றேன். வெட்டிப் போட்ட காகிதத் துண்டுகளில் மூன்றைப் பொறுக்கி, எழுதிப் பார்க்க நீட்டினார். முதலாவது பள்ளிக்கூட நோட்டுத் தாள். மை மறுபக்கம் வரைக்கும் இறங்கிவிட்டது. இரண்டாவது நல்ல தடிமன், ஆனால் எழுத்தின் ஓரமெல்லாம் பூனைமீசையாகப் பரவியது. மூன்றாவது அதைவிட மெல்லியது. அதில்தான் கோடு கோடாகவே நின்றது.

"எல்லாரும் ஜிஎஸ்எம் எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போயிடறாங்க. தடிமனா மையைப் புடிச்சு நிறுத்துது?"

அவர் சொன்னது சரி. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். மை ஊறுவதும் ஊறாததும் தாள் செய்யும்போது கூழிலோ மேற்பரப்பிலோ சேர்க்கும் பசைப்பொருளைப் பொறுத்தது. மைப் பேனாக்காரர்கள் கொண்டாடும் ஜப்பானின் டோமோயே ரிவர் தாள் வெறும் 52 ஜிஎஸ்எம். கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் நம் கரூர் புகளூர் ஆலைத் தாளும் இந்தப் பட்டறைக்கு வருகிறது. எந்த ஆலைத் தாளானாலும் ஒரு துண்டில் எழுதிப் பார்த்துத்தான் எடுப்பாராம்.

பிறகு தைக்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. டெம்மி என்கிற அளவுள்ள ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். ஒவ்வொரு மடிப்பையும் மூங்கில் பட்டையால் ஒரு இழு இழுத்துப் படியவைக்கிறார்கள். தைக்கிற அக்கா நூலை மெழுகுக் கட்டியில் உரசிக்கொண்டு, பாரத்தின் மடிப்பில் ஊசியை உள்ளே விட்டு, நாடாவைச் சுற்றி வெளியே எடுத்து, கடைசியில் கீழே கிடக்கும் பாரத்தின் நூலோடு ஒரு முடிச்சுப் போடுகிறார். அதன்மேல் அடுத்த பாரம். கண் ஊசியில் இல்லை. முந்தின நாள் சீரியலில் மாமியார் செய்த அநியாயம் பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"இறுக்கினா தாள் கிழிஞ்சிரும். லூசா விட்டா நோட்டு தொளதொளன்னு ஆடும். அந்த அளவு கைக்குத்தான் சார் தெரியும்."

நோட்டை நோட்டாக்குவது இந்த இடம்தான். இன்றைய நோட்டுகளிலும் நாவல்களிலும் பெரும்பாலானவற்றில் தையலே கிடையாது. முதுகைச் சீவிச் சூட்டுப் பசையில் ஒட்டிவிடுகிறார்கள். ஒரு தரம் படித்து அலமாரியில் வைக்கும் புத்தகத்துக்கு அது போதும். தினமும் திறந்து, மணிக்கட்டை ஊன்றி எழுதும் நோட்டு அதில் வருஷம் தாங்காது. சென்டர் பின் மெல்லிய நோட்டுக்குச் சரி, கடற்காற்று அடிக்கும் ஊரில் துருப்பிடிக்கும். எனவே வாங்கும்போது நோட்டை நிமிர்த்தி முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகள் வரிசையாகத் தெரிந்தால், நடுவில் விரிக்கும்போது நூல் கண்ணில் பட்டால், அது தைத்தது. கையை எடுத்ததும் தானாக மூடிக்கொண்டால் தையலையோ, தாளின் நார் ஓடும் திசையையோ சந்தேகப்படலாம். ஆலைத் தாளில் நார் ஒரே பக்கமாக ஓடும்; அது முதுகுக்கு இணையாக இருந்தால்தான் பக்கம் படியும்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதம் எப்படி என்று கேட்டேன். 1959 முதல் நடக்கும் ஆலை அது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்கிறார்கள். "மேலட்டைக்கு அதைவிட அழகு கிடையாது. உங்க நிப்பு அதுல தடுக்கும்" என்றார். அதே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அவர் இறந்து ஏறத்தாழ 85 ஆண்டு கழித்து, 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரியின் கண்ணில் பட்டது. இடையிடையே சில பகுதிகள் இல்லை. நான் அப்படியொன்றும் எழுதிக் கிழிக்கப் போவதில்லை. ஆனாலும் பக்கம் உதிர்வதென்றால் எனக்குப் பிறகு உதிரட்டும்.

தைப்பதற்குக் கூலி பாரக் கணக்கில். அக்கா தன் கணக்கை மெஷின் சீவிப்போட்ட விரலகலத் துண்டில் குறித்துக்கொள்கிறார். வெளியே எண்ணூறு ரூபாய்க்கு விற்கும் நோட்டில் இந்த வேலைக்கு என்ன பங்கு என்று யோசிக்கவே வேண்டாம், பெரும்பாலானவற்றில் இந்த வேலையே இல்லை. முன்பெல்லாம் ஆயுத பூஜைக்குப் பேரேடு தைத்து மாளாதாம். இப்போதும் மூலையில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட ஒன்றை வாங்குகிறார்கள், கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில். பல்கலைக்கழக ஆய்வேடுகளும் நூலகப் பழுதுகளும்தான் பட்டறையை ஓட்டுகின்றன.

"எத்தனை குயர் போடட்டும்?"

நோட்டுக் கணக்கில் ஒரு குயர் என்றால் 96 பக்கம். இரண்டு குயர் போடச் சொன்னார். தையல் அப்போதுதான் முதுகில் நன்றாக உட்காருமாம். எனக்குத் தடித்த நோட்டென்றால் பயம். பாதியில் நின்றுபோன டைரிகள் வீட்டில் போதுமான அளவு இருக்கின்றன. ஒரு குயரே என்றேன். கோடு வேண்டாம், கருநீலக் காலிகோ துணி அட்டை, டெம்மியில் எட்டில் ஒரு பங்கு அளவு. கடை விலையில் மூன்றில் ஒரு பங்குகூட அவர் கேட்கவில்லை. பேரம் பேசக் கூச்சமாக இருந்தது.

"வியாழக்கிழமை வாங்க, ஒரு ராத்திரி நோட்டு எடைக்கு அடியில நிக்கணும். வாங்கிட்டுப் போய் எடுத்தவுடனே நடுவுல பொளக்காதீங்க. முன்னால நாலு தாள், பின்னால நாலு தாள்னு மாத்தி மாத்தி நீவிட்டே நடுவுக்கு வாங்க. முதுகு உடையாது."

அடையாளம் வைக்க ஒரு ரிப்பன் போட முடியுமா என்று கேட்டேன். போடலாம், பத்து ரூபாய் கூட ஆகும் என்றார்.